வயிற்று நீரை ரத்தத்துக்குள் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? ஷன்ட் சிகிச்சையும் ரத்தக்கட்டி ஆபத்தும்

"வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு..."

கல்லீரல் நோயாளி இருக்கும் வீடுகளில் இது பழகிப்போன பேச்சு. கை கால் மெலிந்திருக்கும்; வயிறு மட்டும் பானை போல முன்னே தள்ளி நிற்கும். ரெண்டு வாய் சாப்பிட்டாலே மூச்சு முட்டும். மல்லாந்து படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ராத்திரி கழியும். மருத்துவமனைக்குப் போனால் ஊசி வழியாக 5, 6 லிட்டர் நீரை எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு நிம்மதியான தூக்கம். பத்து, பதினைந்து நாளில் மறுபடியும் அதே வயிறு, அதே வார்டு.

மூன்றாவது, நான்காவது தடவை போகும்போது வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஒவ்வொரு தடவையும் குத்தி எடுக்கிறதுக்குப் பதிலா, நிரந்தரமா ஒரு டியூப் வச்சுவிட முடியாதா டாக்டர்?"

நியாயமான கேள்விதான். ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு அறுவை சிகிச்சை நிபுணர் அதற்கு ஒரு விடை கண்டுபிடித்தார். குழாய் வைத்தார்கள், வேலை செய்தது, வயிறு வற்றியது. ஆனால் சில நோயாளிகளுக்கு அடுத்த சில மணி நேரத்திலேயே ரத்தநாளங்களுக்குள் ரத்தம் உறையத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து, நிற்காத ரத்தக்கசிவும் வந்தது. ஒரே உடலில், ஒரே நேரத்தில் இரண்டும் எப்படி? இந்தச் சிகிச்சை ஏன் ஓரங்கட்டப்பட்டது? இன்று அதற்குப் பதிலாக என்ன செய்கிறார்கள்?

வயிற்றில் நீர் ஏன் கோத்துக்கொள்கிறது?

நாட்டு வைத்தியத்தில் 'மகோதரம்', 'பெருவயிறு' என்பார்கள். நவீன மருத்துவம் 'அசைட்டிஸ்' என்கிறது. இது தனி நோய் அல்ல. வேறொரு நோயின் அறிகுறி. பெரும்பாலும் காரணம் 'சிரோசிஸ்' எனப்படும் கல்லீரல் சுருக்கம். மது, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், உடல் பருமன், சர்க்கரை நோயுடன் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல் என எதனாலும் இந்த நிலை வரலாம்.

குடலில் இருந்து வரும் ரத்தம் முழுவதும் 'போர்ட்டல் சிரை' என்ற பெரிய ரத்தநாளம் வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது அந்த வழி நெருக்கடியாகி, சிரையில் அழுத்தம் ஏறுகிறது. கூடவே வயிற்றுப் பகுதி ரத்தநாளங்கள் விரிந்துவிடுகின்றன. 'உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டது' என்று சிறுநீரகம் தப்பாகப் புரிந்துகொண்டு உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அப்படிச் சேரும் நீர்தான் கசிந்து வயிற்றறைக்குள் தேங்குகிறது.

ஆகவே முதல் சிகிச்சை உப்பைக் குறைப்பது. நாளுக்குச் சுமார் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அதோடு ஸ்பைரோனோலாக்டோன், ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரைகள். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே வயிறு வடியும்.

எப்போது 'அடங்காத நீர்' என்கிறார்கள்?

உப்பைக் குறைத்து, ஸ்பைரோனோலாக்டோன் நாளுக்கு 400 மி.கி., ஃபுரோசமைடு 160 மி.கி. என்ற உச்ச அளவு வரை கொடுத்தும் நீர் குறையவில்லை என்றாலோ, அந்த அளவுக்குப் போகும் முன்பே சிறுநீரகம் பாதிக்கப்பட்டோ சோடியம் இறங்கியோ மாத்திரையை நிறுத்த வேண்டி வந்தாலோ, அது மருந்துக்கு அடங்காத நீர் என்று வகைப்படுத்தப்படுகிறது.

இந்தக் கட்டம் முக்கியமானது. கல்லீரல் கைவிடத் தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் இது. மாற்றுக் கல்லீரல் கிடைக்காவிட்டால், இந்த நிலையில் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அதனால் இங்கே எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இரண்டு தட்டுகளில் நிறுக்கப்பட வேண்டியிருக்கிறது: இருக்கும் நாட்களை நிம்மதியாக்குமா? அந்த நாட்களைக் குறைத்துவிடுமா?

1974: ஒரு குழாய், ஒரு வால்வு

அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஹாரி லெவீனும் அவரது குழுவினரும் 1974-இல் ஒரு கருவியை மருத்துவ உலகின் முன்வைத்தார்கள். யோசனை எளிமையானது. வயிற்றில் தேங்கும் நீர் ரத்தத்தில் இருந்து கசிந்ததுதானே? அதில் உடம்புக்கு வேண்டிய புரதம் இருக்கிறது. வெளியே கொட்டுவதற்குப் பதில் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன?

சிலிக்கோன் குழாயின் ஒரு முனை வயிற்றறைக்குள் இருக்கும். மறுமுனை நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஏறி, கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்கு அருகே உள்ள மேற்பெருஞ்சிரையில் போய் முடியும். நடுவில் ஒரு வழி வால்வு. வயிற்றின் அழுத்தம் சிரையின் அழுத்தத்தைவிடச் சில சென்டிமீட்டர் நீர் உயரம் அளவுக்குக் கூடினால் வால்வு திறக்கும். மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கி வயிற்றை அமுக்கும்; நெஞ்சில் அழுத்தம் குறையும். அப்போது நீர் மேலே ஏறும். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. மூச்சே பம்ப்.

இதுதான் 'லெவீன் ஷன்ட்'. 'ஷன்ட்' என்றால் மாற்றுவழி. பின்னர் வந்த 'டென்வர் ஷன்ட்' கருவியில், விலா எலும்பு மேல் தோலுக்கு அடியில் ஒரு சின்ன பம்ப் அறை இருந்தது. நோயாளியே விரலால் அமுக்கி நீரை ஓடவிடலாம். அடைப்பு சேராமலும் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வந்த முடிவுகள் உற்சாகம் கொடுத்தன. வயிறு வற்றியது, சிறுநீர் கூடியது, நோயாளிகள் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் 1970-களின் இறுதிக்குள் வேறு மாதிரியான செய்திகளும் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின.

அது வெறும் தண்ணீர் இல்லை

வயிற்று நீர் பார்வைக்கு வெளிர் மஞ்சளாக, தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் வயிற்றறையில் வாரக்கணக்கில் தேங்கிக் கிடக்கும்போது, அதற்குள் பல விஷயங்கள் சேர்கின்றன. வயிற்றறையின் உள்சுவரில் இருந்து உதிரும் செல்கள், நோய் எதிர்ப்புச் செல்கள், அவை வெளிவிடும் புரதங்கள். அவற்றில் ஒன்று 'திசுக்காரணி'.

ரத்தம் உறைவதற்கான தொடக்கப் பொத்தான் இது. சாதாரணமாக, ரத்தநாளத்துக்கு வெளியேதான் திசுக்காரணி இருக்கும். கத்தி பட்டு ரத்தநாளம் அறுந்தால், வெளியே உள்ள திசுக்காரணியும் உள்ளே உள்ள ரத்தமும் சந்திக்கின்றன. 'இங்கே காயம், அடை' என்ற கட்டளை பிறக்கிறது. ரத்தம் உறைகிறது. காயம் மட்டும் அடைபடுகிறது. இந்த ஏற்பாடு நம் உயிரைத் தினமும் காப்பாற்றுகிறது.

ஷன்ட் என்ன செய்தது? காயமே இல்லாத இடத்தில், இதயத்தின் வாசலில், உறையவைக்கும் சரக்குள்ள நீரை லிட்டர் கணக்கில் கொண்டுபோய்க் கொட்டியது. அங்கிருந்து சில நொடிகளில் அது உடம்பு முழுக்கப் பரவிவிடும். 'இங்கே காயம்' என்ற கட்டளை எல்லா ரத்தநாளங்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்த மாதிரி.

உறைவும் கசிவும் ஒரே சமயத்தில் எப்படி?

இந்த நிலைக்கு மருத்துவர்கள் 'டி.ஐ.சி.' என்று சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்தநாளங்களுக்குள் பரவலாக ரத்தம் உறைவது என்று பொருள். பெயரில் உறைவு இருந்தாலும், கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ரத்தக்கசிவுதான்.

ரத்தம் உறைய மூலப்பொருட்கள் வேண்டும்: தட்டணுக்கள், ஃபைப்ரினோஜன், மற்ற உறைதல் காரணிகள். சின்னச் சின்ன ரத்தநாளங்களில் ஆயிரக்கணக்கான நுண்கட்டிகள் உருவாகும்போது, இந்தச் சரக்கெல்லாம் அதற்கே செலவாகிவிடும். உருவான கட்டிகளைக் கரைக்கும் வேலையை உடம்பு இன்னொரு பக்கம் முடுக்கிவிடும். வயிற்று நீரிலும் கட்டியைக் கரைக்கும் பொருட்கள் உண்டு. அவையும் கூடச் சேரும். கடைசியில், உண்மையிலேயே அடைக்க வேண்டிய இடத்தில், அறுவை சிகிச்சைத் தையலில், ஊசி குத்திய இடத்தில், அடைக்கச் சரக்கு இருக்காது.

ஊரில் எங்கேயும் தீப்பிடிக்காதபோது எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் லாரியை அனுப்பிவிட்டு, நிஜமாகத் தீப்பிடிக்கும்போது லாரி இல்லாமல் நிற்பது போலத்தான் இது.

சரக்கு செலவாகிவிட்டால் அதை உற்பத்தி செய்து ஈடுகட்ட வேண்டிய உறுப்பு எது? கல்லீரல். அதுதான் ஏற்கெனவே பழுதாகிக் கிடக்கிறது. சிரோசிஸ் நோயாளிகளுக்கு ஷன்ட் வைத்த பிறகு ரத்தப் பரிசோதனையில் உறைதல் கோளாறு தெரிவது சகஜமாக இருந்தது. ஆபத்தான ரத்தக்கசிவு வரை போனவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் அப்படிப் போனவர்களைக் காப்பாற்றுவது பெரும்பாடாக இருந்தது.

கட்டி எங்கெல்லாம் வரும்?

ஷன்ட் தொடர்பான ரத்தக்கட்டிப் பிரச்சினையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, மேலே சொன்ன டி.ஐ.சி. அறுவை சிகிச்சை முடிந்த சில மணி நேரத்தில் இருந்து சில நாட்களுக்குள் வரும். தட்டணுக்களும் ஃபைப்ரினோஜனும் இறங்கும். 'டி-டைமர்' போன்ற, கட்டி கரைவதைக் காட்டும் பொருட்கள் ஏறும்.

இரண்டாவது, குழாய் நுனி இருக்கும் பெரிய சிரையில் வரும் கட்டி. சிரைக்குள் ஓர் அந்நியப் பொருள் நிரந்தரமாக இருந்தால், அதைச் சுற்றி ஃபைப்ரின் என்ற புரத உறை படியும். அதன்மேல் கட்டி வளர்ந்து மேற்பெருஞ்சிரையையே அடைக்கலாம். முகம், கழுத்து, கை வீங்கும். நெஞ்சுத் தோலில் நரம்புகள் புடைக்கும். கட்டியின் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. இது உயிரைப் பறிக்கக்கூடியது.

மூன்றாவது, குழாய்க்குள்ளேயே அல்லது வால்விலேயே வரும் அடைப்பு. உடனே உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் வற்றிய வயிறு மறுபடியும் ஏறும். குழாயை மாற்ற இன்னொரு அறுவை சிகிச்சை. அதில் மறுபடியும் முதல் இரண்டு ஆபத்துகளும் காத்திருக்கும்.

இவை போக, கிருமித் தொற்று, திடீரென ரத்தத்தின் அளவு கூடி இதயம் திணறுவது, உணவுக்குழாயில் புடைத்திருக்கும் சிரைகள் வெடித்து ரத்த வாந்தி வருவது போன்ற ஆபத்துகளும் இருந்தன.

'ரத்தம்தான் நீர்த்துப்போச்சே' என்ற தப்புக்கணக்கு

கல்லீரல் நோயாளிகளின் குடும்பங்களில் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரிப்போர்ட்டில் 'ஐ.என்.ஆர்.' எண் கூடுதலாக இருக்கும். தட்டணுக்கள் குறைவாக இருக்கும். "ரத்தம் நீர்த்துப்போச்சு, அதனால கட்டி வராது" என்று பேசிக்கொள்வார்கள். மருத்துவ உலகமே ஒரு காலத்தில் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்தது.

இன்றைய புரிதல் வேறு. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைத் தயாரிப்பது கல்லீரல். உறையாமல் தடுக்கும் புரதங்களான 'புரதம்-சி', 'ஆன்டித்ராம்பின்' போன்றவற்றைத் தயாரிப்பதும் அதே கல்லீரல்தான். நோய் முற்றும்போது இரண்டுமே குறைகின்றன. ஐ.என்.ஆர். பரிசோதனை முதல் பக்கத்தை மட்டும்தான் அளக்கிறது. இரண்டாவது பக்கம் குறைந்திருப்பது அதில் தெரியாது.

தராசின் இரண்டு தட்டிலும் பாரம் குறைந்துவிட்ட நிலை அது. தராசு நேராக நிற்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் சின்ன தட்டு பட்டாலும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும். சிரோசிஸ் நோயாளிகளுக்குப் போர்ட்டல் சிரையிலும் கால் சிரைகளிலும் ரத்தக்கட்டி வருவது இதனால்தான். இப்படி ஆடிக்கொண்டிருக்கும் தராசின் மீதுதான் ஷன்ட் லிட்டர் கணக்கில் திசுக்காரணியைக் கொட்டியது.

மருத்துவர்கள் சும்மா இருந்தார்களா?

இல்லை. பிரச்சினையைப் புரிந்துகொண்டதும், அதைச் சுற்றிச் செல்லும் வழிகளைத் தேடினார்கள்.

முக்கியமானது, அறுவை சிகிச்சையின்போதே வயிற்று நீரின் பெரும்பகுதியை வெளியே எடுத்துவிடுவது. அதற்குப் பதிலாகச் சலைனை நிரப்பிவிட்டு, அதன் பிறகு ஷன்ட்டைத் திறப்பார்கள். பழைய, சரக்குள்ள நீர் ஒரே மூச்சில் ரத்தத்துக்குள் போகாது. இதனால் டி.ஐ.சி.யின் கடுமை குறைந்தது. அதே சமயம், நீரில் கிருமித் தொற்று இருப்பவர்கள், மஞ்சள் காமாலை கடுமையாக இருப்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள், ஏற்கெனவே உறைதல் கோளாறு முற்றியவர்கள் ஆகியோருக்கு ஷன்ட் வைப்பதைத் தவிர்த்தார்கள்.

அதையும் மீறி டி.ஐ.சி. வந்துவிட்டால்? முதல் வேலை, ஊற்றைத் தடுப்பது. ஷன்ட்டில் நீர் ஓடுவதை நிறுத்திவிட்டு, தட்டணுக்கள், பிளாஸ்மா, ஃபைப்ரினோஜன் செறிந்த ரத்தப் பொருட்கள் ஆகியவற்றை ஏற்றுவார்கள். ரத்தக்கசிவு கட்டுக்குள் வராவிட்டால் குழாயைக் கட்டிவிடுவார்கள் அல்லது எடுத்துவிடுவார்கள். அதாவது, எந்த நிம்மதிக்காக அறுவை சிகிச்சை செய்தார்களோ, அதை விட்டுக்கொடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடியும்.

இரண்டு ஆய்வுகள் சொன்ன தீர்ப்பு

ஷன்ட் வைத்தால் வயிறு வற்றும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆயுள் கூடுமா என்பதுதான் கேள்வி.

1989-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. மதுவால் கல்லீரல் சுருங்கி, வயிற்று நீர் விடாமல் இருந்த 299 ஆண்களில் ஒரு பிரிவினருக்கு மருந்து. இன்னொரு பிரிவினருக்கு ஷன்ட். நீர் வற்றுவதற்கு மருந்துப் பிரிவில் ஐந்து வாரங்களுக்கு மேல் ஆனது. ஷன்ட் பிரிவில் சுமார் மூன்று வாரம். நிம்மதி சீக்கிரம் கிடைத்தது. ஆனால் உயிர் பிழைத்திருந்தவர்களின் கணக்கில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

1991-இல் அதே இதழில் ஸ்பெயினில் இருந்து இன்னோர் ஆய்வு வந்தது. அடங்காத அல்லது திரும்பத் திரும்ப வரும் வயிற்று நீர் உள்ள 89 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு லெவீன் ஷன்ட். இன்னொரு பிரிவினருக்கு, நீர் சேரும்போதெல்லாம் ஊசியால் எடுத்துவிட்டு, 'அல்புமின்' என்ற புரதத்தைச் சிரை வழியாக ஏற்றினார்கள். ஷன்ட் வைத்தவர்கள் நீர் எடுப்பதற்காக மருத்துவமனைக்கு வருவது குறைந்தது. ஆனால் ஷன்ட் அடைபடும் வாய்ப்பு ஓர் ஆண்டுக்குள் சுமார் 40 சதவீதமாக இருந்தது. மருத்துவமனையில் படுத்திருந்த மொத்த நாட்களிலும், ஆயுளிலும் ஷன்ட்டுக்குச் சாதகமான வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை.

ஊசியும் ஒரு பாட்டில் புரதமும் அதே பலனைத் தரும்போது, ரத்தக்கட்டி ஆபத்துள்ள அறுவை சிகிச்சை எதற்கு? மருத்துவ உலகம் மெல்ல ஷன்ட்டை விட்டு நகர்ந்தது. இன்றைய வழிகாட்டுதல்களில், திரும்பத் திரும்ப நீர் எடுப்பதற்கோ, மாற்றுக் கல்லீரலுக்கோ, அடுத்து வரும் 'டிப்ஸ்' சிகிச்சைக்கோ தகுதி இல்லாதவர்களுக்கான கடைசி வழியாகத்தான் அது இருக்கிறது. ஜப்பான் போன்ற சில இடங்களில் டென்வர் ஷன்ட் தொடர்ந்து பயன்பட்டுவந்திருக்கிறது.

இன்று என்ன செய்கிறார்கள்?

ஊசியால் நீர் எடுப்பதுதான் பெரும்பாலான மருத்துவமனைகளில் முதல் வழி. ஒரே நேரத்தில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் ஏற்ற வேண்டும் என்பது விதி. 6 லிட்டர் எடுத்தால் 36 முதல் 48 கிராம். 20 சதவீத அல்புமின் 100 மி.லி. பாட்டிலில் 20 கிராம்தான் இருக்கும் என்பதால், ஏறத்தாழ இரண்டு, இரண்டரை பாட்டில். விலை அதிகம் என்பதால் "இது கட்டாயமா?" என்று குடும்பத்தினர் தயங்குவார்கள். அதைத் தவிர்த்தால் ரத்த ஓட்டம் குலைந்து, சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து கூடும்.

அடுத்தது 'டிப்ஸ்'. இதுவும் ஒரு ஷன்ட்தான். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. கழுத்துச் சிரை வழியாகக் கம்பியைச் செலுத்தி, கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையே ஒரு பாதை போட்டு, அதில் உலோக ஸ்டென்ட்டைப் பொருத்துகிறார்கள். 1988-இல் ஜெர்மனியில் முதன்முதலாக ஸ்டென்ட் வைத்து இது செய்யப்பட்டது. இதில் வயிற்று நீர் ரத்தத்துக்குள் கொட்டப்படுவதே இல்லை. அழுத்தத்தைக் குறைப்பதால் நீர் கசிவதே குறைகிறது. அதனால் பழைய ஷன்ட்டில் வந்த மாதிரியான டி.ஐ.சி. பயம் இங்கே இல்லை.

அதற்காக ரத்தக்கட்டியே வராது என்று இல்லை. ஆரம்பகால வெறும் கம்பி ஸ்டென்ட்டுகளில் ரத்தக்கட்டியும் திசு வளர்ச்சியும் சேர்ந்து பாதையை அடிக்கடி அடைத்தன. உள்ளே மெல்லிய பாலிமர் உறை போர்த்திய ஸ்டென்ட்டுகள் வந்த பிறகு அடைப்பு வெகுவாகக் குறைந்தது. 2017-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 62 நோயாளிகளில், உறை போர்த்திய ஸ்டென்ட் வைத்தவர்களில் 93 சதவீதத்தினர் மாற்றுக் கல்லீரல் இல்லாமலேயே ஓராண்டைக் கடந்தார்கள். ஊசியால் நீர் எடுத்த பிரிவில் அது 52 சதவீதம்.

ஆனால் டிப்ஸ் எல்லோருக்கும் பொருந்தாது. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போவதால், சுத்திகரிக்கப்படாத நச்சுகள் மூளைக்குப் போய்க் குழப்பம், தூக்க மாற்றம், மயக்கம் வரலாம். கல்லீரல் மிகவும் கெட்டவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இது ஆபத்து.

வயிற்று நீரைச் சிறுநீர்ப்பைக்கு அனுப்பும், பேட்டரியில் ஓடும் சிறிய பம்ப்பும் வந்திருக்கிறது. நீர் ரத்தத்துக்குப் போகாமல் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆனால் அதற்கும் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு போன்ற விலைகள் உண்டு.

இவை எல்லாம் நேரம் வாங்கித் தரும் வழிகள். நோயின் வேரைத் தொடுவது கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான். நீர் அடங்கவில்லை என்று தெரிந்த அன்றே அந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்பது கல்லீரல் மருத்துவத்தின் அடிப்படைப் பாடம்.

புற்றுநோயால் வரும் நீர் என்றால்?

சினைப்பை, இரைப்பை, குடல் புற்றுநோய்களிலும் வயிற்றில் நீர் சேரும். இவர்களுக்கு ஷன்ட் வைத்தால் கடுமையான டி.ஐ.சி. சிரோசிஸ் நோயாளிகளைவிடக் குறைவாகவே வந்திருக்கிறது. கல்லீரல் நன்றாக இருப்பது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் நீர் கெட்டியாகவோ ரத்தம் கலந்தோ இருந்தால் குழாய் சீக்கிரம் அடைபடும். புற்று செல்கள் ரத்தத்தில் கலக்கும் கவலையும் உண்டு. அதனால் வீட்டிலேயே நீரை வெளியே வடித்துக்கொள்ள உதவும், தோலுக்கு அடியில் பொருத்தும் மெல்லிய வடிகுழாய்தான் இவர்களில் பலருக்கு முதல் தேர்வு.

வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஷன்ட் அல்லது டிப்ஸ் வைத்தவர், அல்லது அடங்காத வயிற்று நீருடன் சிகிச்சையில் இருப்பவர் யாராக இருந்தாலும், கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்:

• ஈறு, மூக்கு, தையல், ஊசி குத்திய இடத்தில் நிற்காத ரத்தக்கசிவு. தோலில் புதிதாக ஊதா நிறத் திட்டுகள்.

• ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம்.

• திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி.

• முகம், கழுத்து, ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் வீங்குவது.

• காய்ச்சல், வயிற்றுவலி.

• பேச்சு குழறுவது, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, ஆட்களை அடையாளம் தெரியாமல் போவது.

• வற்றிய வயிறு சட்டென மறுபடி ஏறுவது. தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதிவைத்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். 1 லிட்டர் நீர் என்பது ஏறத்தாழ 1 கிலோ.

இன்னொன்று: ஐப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கிப் போடக் கூடாது. ரத்தக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் அவை கூட்டும். ரத்தக்கட்டிக்கான மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவாக மட்டுமே இருக்க வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

குழாய், ஸ்டென்ட், பம்ப் என்று எதைப் பரிந்துரைத்தாலும், கையெழுத்துப் போடும் முன் குடும்பத்தினர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. இந்தச் சிகிச்சையில் வயிற்று நீர் எங்கே போகிறது? ரத்தத்துக்குள்ளா, வெளியேயா?

2. இது ஆயுளைக் கூட்டுமா, நிம்மதியை மட்டும் தருமா?

3. போர்ட்டல் சிரையில் ஏற்கெனவே கட்டி இருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன் பார்த்தாகிவிட்டதா?

4. சிகிச்சைக்குப் பிறகு தட்டணு, ஃபைப்ரினோஜன் பரிசோதனைகளை எப்போது, எத்தனை தடவை எடுப்பீர்கள்?

5. மாற்றுக் கல்லீரலுக்குப் பதிவு செய்யத் தகுதி இருக்கிறதா? அதற்கு இந்தச் சிகிச்சை இடைஞ்சலாகுமா?

இவற்றைக் கேட்டால் டாக்டர் தப்பாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டியதில்லை. "நிரந்தரமா ஒரு டியூப் வச்சுவிட முடியாதா?" என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் விடை தேடிய கதையில், குழாய் கண்டுபிடிப்பது சுலபமான பாதியாகத்தான் இருந்தது. அந்த நீரில் என்ன இருக்கிறது, அது போய்ச் சேரும் இடத்தில் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளத்தான் பல உயிர்கள் விலையாகப் போயின. அந்தப் பாடம் இன்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. வாயைத் திறந்து கேட்டால், அது நோயாளியின் வீட்டுக்கும் கிடைக்கும்.